தலைப்பாகை இடிக்காத ஜீப்

உடையார்கட்டில் ஒரு கலியாணம் என்றால், நாள் பார்க்க ஐயரிடம் போவதற்கு முன்னமே ஆட்கள் ஐயாத்துரையிடம் போய்விடுவார்கள். ஐயருக்கு அந்த நாள் வசதிப்படாவிட்டால் வேறு ஐயரைப் பிடிக்கலாம். ஐயாத்துரையின் காருக்கு மாற்றுக் கிடையாது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த அத்தனை வருசமும் அந்தப் பக்கத்து மாப்பிள்ளைமாரைப் பெண்வீட்டுப் படலையில் கொண்டுவந்து இறக்கியது அவருடைய சாம்பல் நிற ஒஸ்ரின் ஏ-40 கார்தான். பெற்றோல் கிடைக்காத காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். சேலைன் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கும் பெற்றோலில் நாலு சொட்டைக் காபரேற்றருக்குள் பீச்சி, முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுழற்றி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். கார் போன பின்னும் ஒழுங்கை முழுக்கக் குப்பிவிளக்கு அணைத்த மணம் நிற்கும். அந்த மணம் தூரத்தில் வரும்போதே பெண்வீட்டார் ஆரத்தித் தட்டைக் கையில் எடுத்துவிடுவார்கள்.

சந்தையிலும் கோயிலிலும் சனம் அவரை அடையாளம் சொன்னது ‘மாப்பிளைக் கார் ஐயாத்துரை’ என்று. அந்தப் பேர் அவருக்கு நன்றாகப் பிடிக்கும். கடைக்குப் போய்ச் சீனி வாங்கினாலும் அந்தப் பேரோடுதான் போய் வருவார். அதில் இன்னொருவன் கை வைக்கக்கூடாது என்பதைத் தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

பாதை திறந்து இரண்டு வருசத்துக்குப் பிறகு, 2004 சித்திரைப் புதுவருசத்துக்கு, அவருடைய சகலன் பரமேஸ்வரன் வவுனியாவிலிருந்து வந்தார். பரமேஸ்வரன் ஐயாத்துரையின் மனைவி விமலேஸ்வரியின் தங்கை நாகேஸ்வரியைக் கட்டியவர். ஐயாத்துரையைவிட எட்டு வயது இளையவர். வவுனியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். வழக்கமாக ஓமந்தைச் சோதனைச் சாவடி வரிசையில் நின்று, பஸ் மாறி, வெயிலில் கறுத்துத்தான் வந்து இறங்குவார். அன்றைக்கு வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்தார். ஒழுங்கை முடக்கில் ஒரு குட்டி ஜீப் திரும்பியது. முத்து வெள்ளை நிறம். பின் கதவின் முதுகில் உறை போட்ட உபரிச் சில்லு. ஜப்பானில் யாரோ கொஞ்சநாள் ஓடிவிட்டுக் கழித்தது, கொழும்பில் இறங்கி அங்கிருந்து வந்ததாம். ஐயாத்துரையின் கார் முன்னுக்கும் பின்னுக்குமாக மூன்று முறை இழுபட்டுத் திரும்பும் அந்த முடக்கில், அது ஒரே வெட்டில் திரும்பி வளவுக்குள் வந்து சத்தமில்லாமல் நின்றது. ஐயாத்துரை திரும்பித் தன் காரைப் பார்த்தார்.

விமலேஸ்வரி குசினியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்து ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு புருசனிடம் வந்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கடை காரைக் கொஞ்சம் வேம்புக்குக் கீழை விடுங்கோவன். தங்கச்சியாக்களின்ரை ஜீப் வெயிலிலை நிண்டா நிறம் போயிடுமெல்லே.”

“அப்ப என்ரை காருக்கு நிறம் இல்லையோ?”

“அதிலை போறதுக்கு இனி என்ன கிடக்கு.”

இருபது வருசமாக ஏ-40 நின்ற கிடுகுக் கொட்டிலுக்குள் ஜீப் போய் நின்றது. ஏ-40 வேம்பின் கீழ் நின்றது. பின்னேரத்துக்குள் காகங்கள் அதன் தலையில் கோலம் போட்டிருந்தன.

மற்ற நாள் காலை பரமேஸ்வரன் சாவியை நீட்டி, “அண்ணை, ஒருக்கா ஓடிப் பாருங்கோ” என்றார். ஐயாத்துரை சாவியைப் பார்க்கவேயில்லை. தனக்கு இடுப்பு நோவு என்றார். அவ்வளவு உயரத்தில் ஏறினால் பிடித்துக்கொள்ளும் என்றார். போதாததற்கு, எல்லோருக்கும் கேட்கும்படி, “நான் உதுக்குள்ளை கால் வைக்கமாட்டன்” என்று சத்தியம் மாதிரி ஒன்றையும் சொல்லி வைத்தார்.

அதற்குப் பிறகு பரமேஸ்வரன் குடும்பம் இரண்டு கிழமைக்கு ஒருக்கா வரத் தொடங்கியது. ஜீப்பில் வருவது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. வந்தால் இரண்டு நாள் தங்குவார்கள். சாவி சுவாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பரமேஸ்வரன் எட்டு மணிவரை படுப்பவர். ஐயாத்துரை ஐந்துக்கே எழும்புபவர். அந்த மூன்று மணித்தியாலத்தில் கொட்டிலுக்குள் என்ன நடந்தது என்பது கன காலம் ஒருவருக்கும் தெரியாது.

முதல் நாள் அவர் குறை பிடிக்கத்தான் போனார். குனிந்து ஜீப்பின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையில் கையை விரித்து அளந்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. தன் காரின் கீழ் அளந்தார், சாணில் முக்கால்தான். அது முதல் அடி. பிறகு கதவைத் திறந்தார். கதவு குளிர்பெட்டிக் கதவு மாதிரி மெத்தென்று சாத்திக்கொண்டது. அவருடைய கார்க்கதவை மூன்று முறை அடித்துச் சாத்தவேண்டும். உள்ளே ஏறி இருந்தார். வேலிக்கு மேலால் அப்புத்துரை வீட்டுக் கிணற்றடிவரை தெரிந்தது. இடுப்பு நோகவில்லை. அது அவருக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

முன் தட்டுக்குள் ஒரு புத்தகம் இருந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் படம் இருந்தது. பிள்ளைகள் அரிவரி படிப்பதுபோல் ஐயாத்துரை படங்களை வைத்து அந்த ஜீப்பைப் படித்தார். பின் ஆசனத்தை மடித்தால் இரண்டு மூட்டை நெல் போகும். இந்தப் பொத்தானை அமத்தினால் நாலு சில்லும் இழுக்கும். சேற்றில் புதைந்தால் அதுதான் கைகொடுக்கும். நாலு கண்ணாடியையும் ஓட்டுபவர் இருந்த இடத்திலிருந்தே இறக்கலாம். கிளச் மிதி கிடையாது. கியர் தானாக மாறும்; தடி மட்டும் ஓட்டத்துக்கு ஒரு எழுத்திலும், நிறுத்தத்துக்கு வேறொரு எழுத்திலும் நிற்கவேண்டும். அந்தப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது: தடி நிறுத்தத்தில், கால் பிறேக்கில், கை சாவியில். பக்கத்தில் இன்னொரு படம்: தடி ஓட்டத்தில், சாவிக்கு மேல், கூடாது என்று, ஒரு சிவப்புப் புள்ளடி. அதை அவர் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பரமேஸ்வரனுக்கு இது தெரிந்திருக்குமா என்று யோசித்தார். தெரிந்திருக்காது என்று முடிவெடுத்து, அன்றைக்கு முழுக்கச் சந்தோசமாக இருந்தார்.

சந்தித் தேநீர்க்கடையில் அவர் ஜீப்பைக் கிழிகிழி என்று கிழித்தார். ஆயிரத்து முந்நூறு சீசி இயந்திரம்தானாம். ஏசியைப் போட்டுக்கொண்டு குளக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குமாம். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல் ஒரு முழமும் ஓடாதாம். நாலு பேர் ஏறினால் சாமான் வைக்கப் பின்னுக்கு இடமில்லையாம். பின் கதவு பக்கவாட்டில் திறக்கிறபடியால் வேலியோரம் விட்டால் அலுவல் முடிந்ததாம். கிறவல் றோட்டில் பின்னுக்கு இருப்பவர் குலுங்குவாராம். நெத்தலியாற்று மதகடியில் ஜீப் முழங்காலளவு தண்ணீருக்குள்ளால் போய் வந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. அதைப் பரமேஸ்வரன் சொன்னபோதும் இருமிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கடையில் வழக்கமாக மூலைக் கதிரையில் இருப்பவர் கூட்டுறவுச் சங்கத்து செல்வராசா. இரண்டு மாதம் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஒரு நாள் வவுனியாவுக்குப் போய் அதே மாதிரி ஒன்றுக்கு முற்பணம் கட்டிவிட்டு வந்தார். ஐயாத்துரைக்கு மனம் விட்டுப் போயிற்று.

“நான் இவ்வளவு சொல்லியும் உதை எடுத்தனீரோ?”

“நீர் சொன்னதாலைதான் எடுத்தனான்” என்றார் செல்வராசா. “ஒரு வாகனத்தைப் பிடிக்காத ஆள் இரண்டு மாசம் தேடியும் உந்த அஞ்சாறு குறைதான் கிடைச்சுதெண்டா, அதைவிட வேறை என்ன வேணும்?”

கடை சிரித்தது. ஐயாத்துரை தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்.

ஆவணியில் விமலேஸ்வரியின் கடைசித் தங்கை சிவதர்சினிக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை நிருஷன், முள்ளியவளைப் பெடியன். தாய் தகப்பன் இல்லாத அந்த வீட்டில் இரண்டு அத்தான்மாரும்தான் பெரியவர்கள். மூத்த அத்தான் என்ற முறையில் ஐயாத்துரை காருக்குப் புதுச்சீற்றுத் துணி வாங்கி வைத்திருந்தார். மாப்பிள்ளையை யாருடைய வாகனத்தில் கொண்டுவருவது என்ற கேள்வி எழும்பும் என்று அவர் நினைக்கவேயில்லை. அது சோறு பரிமாறியிருந்த நேரத்தில், மெதுவாக எழும்பியது. நாகேஸ்வரி தன் கலியாண வீடியோவைப் பற்றிப் பேச்செடுத்தாள். அதில் பரமேஸ்வரன் ஏ-40இல் இருந்து இறங்கும் காட்சி உண்டு. ஏறும்போது தலைப்பாகை கூரையில் இடித்துக் குஞ்சம் வளைந்துவிட்டது. வழி முழுக்க அதை மடியில் வைத்திருந்து, படலையில் இறங்கித் தலை கலைந்தபடி மாட்டிக்கொண்டார்.

“கோழியைப் பிடிச்சு மடியிலை வைச்ச மாதிரியெல்லே வந்தனான்” என்று பரமேஸ்வரன் சிரித்தார்.

ஜீப்பில் அந்தச் சிக்கல் இல்லை. தலைக்கு மேல் இன்னும் நாலு விரல் இடமிருக்கிறது என்று நாகேஸ்வரி சொன்னாள். கூறைச்சேலையோடு பெண் அந்த உயரத்தில் எப்படி ஏறுவது என்று ஐயாத்துரை கேட்டார். கால் வைக்க ஒரு சின்ன மர வாங்கு போட்டால் ஏறலாம் என்றார்கள். அதற்கும் அவர்கள் யோசித்து வைத்திருந்தார்கள். பிறகு சிவதர்சினியே சொன்னாள்.

“குறை நினையாதேங்கோ அத்தான். எனக்கும் அவருக்கும் ஒரு வடிவான படம் எண்டாலும் இருக்கட்டுமன்.”

அந்தப் பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த ஏ-40இல் வந்ததுதான். ஐயாத்துரை அதைச் சொல்ல வாயெடுத்தார். வாய்க்குள் சோறு இருந்தது. விழுங்கி முடிக்கக் கதை வேறிடத்துக்குப் போய்விட்டது.

கலியாணத்தன்று காலை ஜீப்புக்கு மாலை கட்டியிருந்தார்கள். ஏ-40க்குப் பலகாரத் தட்டுகளும், தட்டுப் பிடிக்கிற நாலு பெண்டுகளும். ஐயாத்துரை காரை வழக்கத்தைவிட நன்றாகக் கழுவியிருந்தார். ஒரு சின்னக் கதம்ப மாலையை ஆசனத்துக்குக் கீழே கடுதாசியில் சுற்றி வைத்திருந்தார். எதற்கென்று கேட்டிருந்தால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. முள்ளியவளைவரை ஜீப்பின் புழுதியைத் தின்றுகொண்டு பின்னால் போனார்.

மாப்பிள்ளை வீட்டுப் படலையில் வெடி கொளுத்தினார்கள். மேளம் அடித்தது. யாரோ வெள்ளித் தட்டோடு வரக் கண்ட பரமேஸ்வரன், கைப்பிறேக்கை இழுத்து, இயந்திரத்தை நிற்பாட்டி, சாவியை அதிலேயே விட்டுவிட்டுத் தட்டை வாங்கக் குதித்து ஓடினார். முக்கால் மணித்தியாலத்தில் நிருஷன் தலைப்பாகையோடு வெளியே வந்தார். ஜீப்பில் ஏறினார். தலைப்பாகை இடிக்கவில்லை. வீடியோக்காரர் அதை இரண்டு பக்கத்தாலும் எடுத்தார். பரமேஸ்வரன் சாவியைத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. முன் தட்டில் விளக்குகள் எரிந்தன. இயந்திரம் செத்தது போலக் கிடந்தது. இன்னுமொருக்கா திருப்பினார். மேளகாரர் நிற்பாட்டிவிட்டுப் பார்த்தார்கள்.

முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. பற்றறி என்றார் ஒருவர். தள்ளினால் பிடிக்கும் என்றார் இன்னொருவர். பத்துப் பேர் தள்ளினார்கள், ஜீப் பிள்ளை வண்டில் மாதிரி உருண்டு போய் மதிலோரம் நின்றது, பிடிக்கவில்லை. உள்ளூர் மெக்கானிக் ராசு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தார். பாதை பூட்டியிருந்த காலத்தில் அவர் உயிர் கொடுக்காத இயந்திரம் அந்தப் பக்கத்தில் கிடையாது. பொனற்றைத் திறந்துவிட்டுச் சேலைன் போத்தல் பெற்றோல் கேட்டார். காபரேற்றரைத் தேடினார். காணவில்லை.

ஏ-40இல் சாய்ந்தபடி நின்ற ஐயாத்துரை, ஜீப் உருண்டு தன்னைக் கடந்தபோதே திறந்த கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டார். கியர்த் தடி ஓட்டத்தில் நின்றது. சிவப்புப் புள்ளடி போட்ட அந்தப் படம் அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவர் கையைக் கட்டிக்கொண்டு காரில் இன்னும் நன்றாகச் சாய்ந்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு, ஐயாத்துரை ஐந்து மாதமாகக் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த அந்த வசனத்தைச் சொன்னார். “உந்தா ஐயாத்துரையற்றை கார் நிக்குதுதானே. பிறகென்ன?”

தட்டுகள் இறங்கின. ஆசனத்துக்குக் கீழிருந்து கதம்ப மாலை வெளியே வந்தது. நிருஷன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். ஒரே சுழற்றில் ஏ-40 பிடித்தது. அன்றைக்கென்று அது தையல் மெசின் மாதிரி ஓடியது. ஐயாத்துரை கண்ணாடியைச் சரிசெய்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம் என்று. கண்ணாடிக்குள் ஜீப்தான் தெரிந்தது. ராசு ஒரு றப்பர்க் குழாயை இழுத்துப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றக் கையில் சேலைன் போத்தல். வாயில் ஸ்குறூ றைவர்.

அந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஐயாத்துரைக்குத் தெரியும். புத்தகத்தின் முப்பத்தியோராம் பக்கத்தில் இருந்தது. ஐந்து மாதமாக விடியப்புறங்களில் அதன் மேலிருந்த தூசியை ஊதிவிட்டவர் அவர்.

அவர் காரை நியூட்ரலில் விட்டு, மாப்பிள்ளையை அப்படியே இருக்கவிட்டு, இறங்கி நடந்தார்.

“ராசு, கையை எடு.”

“என்னண்ணை?”

“எடு எண்டுறன். அதைப் பிடுங்கினா நீ சாகுமட்டும் உழைச்சாலும் பூட்டமாட்டாய்.”

ஜீப் கதவைத் திறந்தார். ஏறினார். கால் பிறேக்குக்குப் போனது, கை பார்க்காமலே தடியை முன்னுக்குத் தள்ளியது, சாவி திரும்பியது. ஜீப் உறுமாமல், மெல்லமாக, ஒன்றும் நடக்காதது போல உயிர் பெற்றது. சும்மா இருக்காமல் கை பழக்கத்தில் ஆசனத்தைத் தன் காலுக்கு ஏற்றபடி ஒரு பல் முன்னுக்கும் இழுத்துவிட்டது.

பரமேஸ்வரன் ஜன்னலோரம் வந்து நின்றார். “அண்ணை, நீங்கள் ஒருநாளும் உதுக்குள்ளை ஏறேல்லையே?”

முற்றத்தில் நின்ற சனம் முழுக்க அவரைப் பார்த்தது. தட்டுப் பிடித்து வந்த பெண்டுகளுக்குள் விமலேஸ்வரியும் நின்றாள். விடியப்புறம் ஐந்து மணிக்கு மனுசன் எங்கே போகிறார் என்று பல நாள் யோசித்தவள் அவள். இப்போது அவளுக்கு விளங்கிய விதம் அவள் முகத்தில் தெரிந்தது. ஐயாத்துரைக்குக் காது சூடேறியது. களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி இறங்கினார். “ஆரும் பாத்தா விளங்கும்” என்று மட்டும் சொன்னார்.

ஜீப் ஓடத் தொடங்கிவிட்டபடியால், மாப்பிள்ளை தலைப்பாகையை மாட்டிக்கொண்டு திரும்பவும் அதில் போய் ஏறினார். ஒருவரும் அவரை ஏறச் சொல்லவில்லை. ஏறவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பரமேஸ்வரன் ஓட்டும் ஆசனத்தில் ஏறாமல் நின்றார். “நீங்களே ஓடுங்கோ அண்ணை” என்று அவர் கெஞ்சினார். ஐயாத்துரை ஒரு கணம் ஜீப்பைப் பார்த்தார், பிறகு ஏ-40ஐப் பார்த்தார். மண்ணெண்ணெயில் ஓடும் அந்தக் காரை அவரைத் தவிர வேறு யாரும் முள்ளியவளையிலிருந்து உடையார்கட்டுவரை கொண்டுபோகமாட்டார்கள். தட்டுகள் திரும்ப ஏறின. அவர் புழுதியைத் தின்றபடி பின்னால் வந்தார். படலையில் மண்ணெண்ணெய் மணம் வருமுன்னமே ஆரத்தி முடிந்திருந்தது.

2006 ஆவணியில் பரமேஸ்வரன் ஜீப்பை ஐயாத்துரையின் கொட்டிலில் விட்டுவிட்டு, கொழும்பு அலுவலாகப் பஸ்ஸில் போனார். இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார். அந்தக் கிழமைதான் பாதை திரும்பவும் பூட்டுப்பட்டது.

மாதங்கள் கழித்து, கை மாறிக் கை மாறி ஒரு கடிதம் வந்தது. குடும்பம் வவுனியாவில் சுகம். ஜீப்பைக் கிழமைக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி வையுங்கோ, பற்றறி செத்துப்போகும், உங்களைத் தவிர அதை ஒருத்தருக்கும் தெரியாது அண்ணை என்று பரமேஸ்வரன் எழுதியிருந்தார். கடைசி வரியை ஐயாத்துரை விமலேஸ்வரிக்கு வாசித்துக் காட்டவில்லை.

பெற்றோல் மறுபடியும் சேலைன் போத்தலுக்குள் போனது. ஜீப் மண்ணெண்ணெய் குடிக்காது. ஏ-40 குடிக்கும். அந்த வருசங்களில் சண்டைக்குப் பயந்து கலியாணங்கள் அவசரம் அவசரமாக நடந்தன. ஒரு கிழமையில் மூன்று மாப்பிள்ளைமார்கூடத் தலைப்பாகையை மடியில் வைத்துக்கொண்டு ஏ-40இல் போனார்கள். செல்வராசாவின் ஜீப்பும் பெற்றோல் இல்லாமல் கல்லுக்கு மேல் ஏறி நின்றது. ‘மாப்பிளைக் கார் ஐயாத்துரை’ என்ற பேர் முழுசாகத் திரும்பி வந்தது. வந்து என்ன? ஒவ்வொரு மாப்பிள்ளையும் குனிந்து ஏறும்போது அவர் அந்த நாலு விரல் இடத்தை நினைத்தார். கிழமைக்கு ஒருக்கா ஜீப்பைக் கிளப்பி, கொட்டிலிலிருந்து கிணற்றடிவரை முன்னுக்கும், கிணற்றடியிலிருந்து கொட்டில்வரை பின்னுக்குமாக ஓட்டினார். அந்த இருபது மீற்றர் ஓட்டத்தில் ஒரு விரலால் ஸ்ரியறிங்கைத் திருப்பிப் பார்ப்பார். பிறகு இறங்கிக் கதவை மெத்தென்று சாத்துவார். தவிச்ச வாய்க்கு இரண்டு மிடறு தண்ணீர் கொடுத்த மாதிரி இருக்கும்.

கலியாணக்காரர் கார் கிளப்பக் கொடுக்கும் பெற்றோலில் பாதியை அவர் மிச்சம் பிடிக்கத் தொடங்கினார். ஒரு போத்தல் நிரம்பியது. பிறகு இரண்டு. எதற்கென்று விமலேஸ்வரி கேட்கவில்லை.

2007 ஆனியில் பக்கத்து வளவு அப்புத்துரையின் மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை வீடு ஒரு மைல்தான். நடந்தே போகலாம் என்றார்கள். அன்று காலை ஐயாத்துரை ஏ-40ஐ வேம்பின் கீழ் விட்டுவிட்டு, கொட்டிலிலிருந்து ஜீப்பை வெளியே எடுத்தார். முடக்கில் ஒரே வெட்டில் திரும்பினார். மாப்பிள்ளை தலைப்பாகையோடு ஏறினார். தோழன் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஏறினான். இடிக்கவில்லை. ஐயாத்துரை கண்ணாடிகளை ஏற்றி, பெற்றோலைக் குடிக்கும் என்று தெரிந்தும், ஏசியைப் போட்டார். குளக்கட்டு ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது, அவர் சொன்னபடியே. வேலியோரச் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவர் முதுகு ஆசனத்தோடு நேராக நிமிர்ந்திருந்தது.

“எவ்வளவு சுகமான வாகனம்” என்றான் தோழன் பின்னாலிருந்து. “பரமேஸ்வரண்ணை நிண்டிருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார், தன்ரை ஜீப்பிலை மாப்பிளை போறதைப் பாத்து. சனமெல்லாம் சொல்லுது, உந்தா பரமேஸ்வரன்ரை ஜீப் போகுது எண்டு.”

ஐயாத்துரை வேகத்தைக் குறைத்தார். இடது கையை ஸ்ரியறிங்கில் வைத்துக்கொண்டு, வலது கையால் கதவிலிருந்த நாலு பொத்தான்களையும் ஒவ்வொன்றாக அமத்தினார். நாலு கண்ணாடியும் சத்தமில்லாமல் இறங்கின. வெக்கையும் புழுதியும் உள்ளே வந்தன. அவர் தலையை வெளியே சரித்து, சனத்துக்கு முழு முகமும் தெரியும்படி, மெதுவாக ஓட்டினார்.

“அண்ணை, குளிர் எல்லாம் போகுது” என்றார் மாப்பிள்ளை, தலைப்பாகையைப் பிடித்தபடி.

“போகட்டும்” என்றார் ஐயாத்துரை.